தண்ணீர் கலக்காத கடல்

நம் வகுப்புக் குழுவில் போன வாரம் ஒருத்தி, தன் மகன் வீட்டில் வைத்திருக்கும் கடல்நீர்த் தொட்டியைப் படம் பிடித்துப் போட்டிருந்தாள். நீல விளக்கு, பவளப் பாறை, நடுவில் ஒன்றுமே இல்லாத தண்ணீர். "ஒன்றரை மாசமா வெறும் தண்ணிதான். நாளைக்குத்தான் முதல் மீன் விடப் போறான், எல்லாரும் வாழ்த்துங்க" என்று எழுதியிருந்தாள். நீங்கள் எல்லோரும் கூப்பிய கைகளையும் சிவப்பு இதயங்களையும் அனுப்பினீர்கள். நான் மட்டும் "தொட்டிக்கு மூடி இருக்கா?" என்று கேட்டேன். உடனே ஒருவர், "இவ கல்யாண வீட்டுக்கு வந்தாலும் கூரை ஒழுகுதான்னுதான் பாப்பா" என்று எழுதினார். எழுதியவருக்கு என் வணக்கம். அவர் கல்யாணத்தன்று கூரை ஒழுகத்தான் செய்தது.

ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு காரணம் இருக்கிறது. பிரஷர் மாத்திரை போட வேண்டியவர்கள் போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள். சொல்கிறேன்.

எங்கள் அப்பா பால் சேகரிக்கும் நிலையத்தின் பொறுப்பாளர் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். றொசல்ல ஸ்டேஷனுக்குக் கீழே, ரோட்டோரமாக, தகரக் கூரை போட்ட ஓர் அறை. அதன் பின்பக்கம் எங்கள் வீடு. விடிந்ததும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலிருந்து ஆட்கள் பால் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். அப்பா ஒவ்வொரு வாளியிலிருந்தும் கொஞ்சம் பாலை நீளமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அதில் மீட்டரை விடுவார். பாடப் புத்தகத்தில் அதற்குப் பால்மானி என்று பெயர். எங்கள் ஊரில் மீட்டர். அடியில் ஈயக் குண்டு, கழுத்தில் பதினைந்திலிருந்து நாற்பது வரை கோடுகள். நல்ல பாலில் மிதந்து உயர்ந்து நிற்கும். தண்ணீர் கலந்த பாலில் அமிழ்ந்து போகும். இருபத்தாறுக்குக் கீழே காட்டினால் பால் திரும்பும். அப்பாவுக்குக் கோயில், கொடி, கட்சி எதிலும் பெரிய பற்று இருந்ததில்லை. இருபத்தாறில் இருந்தது.

மீட்டர் ஒரு சிவப்பு வெல்வெட் பெட்டியில் வந்தது. பெட்டியில் இரண்டு பள்ளங்கள். ஒன்று மீட்டருக்கு. மற்றது அதோடு வந்த தெர்மாமீட்டருக்கு. அது நான் பிறக்கும் முன்பே உடைந்துவிட்டதாம். காலியான அந்தப் பள்ளத்தில் அம்மா தையல் ஊசிகளை வைத்திருந்தாள். அது எதற்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வேலைக்கு ஒரு கருவி போதாதா?

வரிசையில் முதலாவதாக நிற்பவர் ரோட்டுக்கு மேலே இருந்த லயத்து அத்தை. உறவு இல்லை, நாங்கள் எல்லோரும் அத்தை என்றே கூப்பிடுவோம். அவருடைய மாட்டுக் கொட்டில் எங்கள் வாசலிலிருந்து முப்பது படி தூரம். கறந்த கையோடு வந்துவிடுவார். வாரத்தில் நான்கு நாள் அவர் பால் இருபத்தைந்து காட்டும். அப்பா ஒன்றும் சொல்லாமல் வாளியை ஓரமாக நகர்த்தி வைப்பார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மௌனத்தில்தான் அத்தைக்குத் "தண்ணி அத்தை" என்ற பெயர் வந்தது. பள்ளிக்கூடம் போகும் வழியில் அதை ராகம் போட்டுப் பாடிய கூட்டத்தில் நானும் உண்டு, உங்களில் மூன்று பேரும் உண்டு.

இந்த ஊருக்குத்தான் மாமா கடலைக் கொண்டு வந்தார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கொழும்பில், வெளிநாட்டுக்கு அலங்கார மீன் அனுப்பும் ஓரிடத்தில் மீன்களைப் பையில் கட்டும் வேலை. தங்கியிருந்தது ஒரு லாட்ஜில். அந்த யுத்த வருடங்களில் நம் பையன்கள் கொழும்பு லாட்ஜில் தங்குவது எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாமாவைப் போலீஸ் இரண்டு முறை கூட்டிக்கொண்டு போய், இரண்டு முறையும் விட்டுவிட்டார்கள். மூன்றாவது முறை பிடித்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அம்மா பேசவே மாட்டாள். ரேடியோவில் செய்தி தொடங்கினால் கையில் இருக்கிற கரண்டியோடு அப்படியே நிற்பாள்.

அந்த மாசி பிறந்ததும் மாமா லீவில் வந்தார். கூடவே ரயிலில் கண்ணாடிகள், பவளக் கற்கள், நீலப் பிளாஸ்டிக் கேன்கள் நிறையக் கடல் தண்ணீர். கண்ணாடிகளை ஒட்டி, அம்மாவின் டிரங்குப் பெட்டி அளவுக்கு ஒரு தொட்டி செய்தார். நுவரெலியா ஹோட்டல்களில் முன் மண்டபத்தில் வைக்க இப்படித் தொட்டி கேட்கிறார்களாம். செய்து கொடுத்து, பராமரித்து, இங்கேயே பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம்.

"இந்தக் குளிருல கடல் மீன் பொழைக்குமாடா?" என்று கேட்டாள் அம்மா.

"அதத்தான்க்கா பாக்கணும்."

முதலில் மூன்று வாரம் வெறும் தண்ணீரைத்தான் வளர்த்தார். பம்ப் குமிழ் விட்டது. ஹீட்டரின் சிவப்புப் புள்ளி எரிந்தது. தொட்டியின் மூன்று பக்கமும் குளிருக்குக் கம்பளி சுற்றி, தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்கப் போகிற ஆள்போல அது நின்றது. வந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்து, "மீனு எங்க?" என்றார்கள். "வரும்" என்றார் மாமா. தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியேறி அழுக்கைத் தின்னப் பழக வேண்டுமாம். தண்ணீருக்கு லைட் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் மச்சினனைப் பற்றி அப்பா ரயில்வே ஆட்களிடம் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டும். மாமாவின் கண் அப்பாவின் பழைய, உபயோகத்தில் இல்லாத இரண்டாவது மீட்டர் மேல் விழுந்தது.

"மச்சான், உப்பு பாக்குற மீட்டரும் இதுவும் ஒரே சங்கதிதாங்க. இருவத்தி நாலு காட்டுனா போதும்."

மீட்டரைத் தொட்டியில் விட்டார். இருபத்து நாலில் நின்றது. அப்பா குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"மாப்ள, ஒன்னய ஏமாத்திட்டானுங்க. இது தண்ணி கலந்த கடலு. நம்ம சென்டருக்கு வந்திருந்தா திருப்பி அனுப்பிருப்பேன்."

எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

லீவு முடியும் முன் மீன்களைக் கொண்டு வர மாமா கொழும்புக்கு ஒரு நடை போய் வந்தார். திரும்பி வந்தபோது கையில் எடையே இல்லாத வெள்ளை ரிஜிபோம் பெட்டி. உள்ளே பழைய செய்தித்தாள், அதற்குள் காற்றடைத்த பாலிதீன் பைகள். மூன்று பைகளில் என் கட்டைவிரல் அளவு மூன்று நீல மீன்கள். நான்காவது பையில் ஒரு சங்கு. சங்குக்குள் குடியிருந்த நண்டு. நமக்கெல்லாம் கடல் மீன் என்றால் கருவாடு, விசேஷ நாளில் டின் மீன். இரண்டும் நம்மைத் திரும்பிப் பார்த்ததில்லை. இவை பார்த்தன.

பைகளைக் கட்டவிழ்க்காமல் தொட்டியில் மிதக்க விட்டார் மாமா. பிறகு அரை மணிக்கொரு தரம், தொட்டித் தண்ணீரை ஒரு சின்ன டம்ளரில் மொண்டு பைக்குள் ஊற்றினார். ஜன்னலில் லயமே நின்றது.

"இம்புட்டு மீனுக்கு இவ்வளவு எடமா?" என்றார் தண்ணி அத்தை. "நம்மளுக்கு ஒரு காம்பராவுல ஏழு பேரு."

நான்காவது டம்ளருக்குப் பிறகு மாமா பையைச் சாய்த்தார். முதல் மீன் வெளியே வந்து, கல்லைப் பார்த்து, சட்டென்று அதன் பின்னால் ஒளிந்தது. நண்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரு காலை நீட்டிப் பார்த்தது. அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். அவள் விரல் பட்ட இடம் மறுநாளும் வலித்தது.

மாலை ரயிலுக்குக் கிளம்பும்போது மாமா சொன்னார்: "அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழம வர்றேன்க்கா. இதுங்க பொழச்சுக் கெடந்தா வேலைய விட்டுட்டு இங்கயே இருந்துர்றேன். செத்துருச்சுன்னா, இந்த ஊரு இதுக்கு ஒத்து வராதுன்னு அர்த்தம். அடுத்த ரயிலுக்கே திரும்பிருவேன்."

தொட்டியில் ஒரு காகிதம் ஒட்டினார். ஹீட்டரை அணைக்கக் கூடாது. ஒரு சிட்டிகைக்கு மேல் தீனி போடக் கூடாது. சிவப்புக் கோட்டுக்குக் கீழே குறைந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும். கோட்டை அம்மாவின் நகப் பூச்சால் போட்டிருந்தார். எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. 'தண்ணீர்' என்ற சொல் மட்டும், ஊரே 'பால் ஐயா' என்று கூப்பிடும் அப்பாவின் வீட்டில் என்ன அர்த்தம் தரும் என்று மாமா யோசிக்கவில்லை.

முதல் நாளே அப்பா தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டார். "அடச்ச கொட்டில்ல மாடே நிக்காது. மீனுக்கு மூச்சு முட்டாதா?"

வெளியே மாசிப் பனி, உள்ளே சூடேற்றிய தண்ணீர். ஆவி எழுந்து ஜன்னல் கண்ணாடியில் வழிந்தது. மறுநாள் மாலைக்குள் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியது. அப்பா காகிதத்தைப் படித்தார். மலை ஊற்றிலிருந்து பிடித்து வைத்த பீலித் தண்ணீர் வாளியைப் பார்த்தார். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து மாமா மிச்சம் வைத்திருந்த கடல் தண்ணீர்க் கேனை இழுத்தார்.

"ஏங்க, பீலித் தண்ணிய ஊத்தலாமே?" என்றாள் அம்மா.

"பாலுக்குப் பால ஊத்தலாம். தண்ணிய ஊத்துனா அதுக்குப் பேரு வேற. இந்தக் கையால அது நடக்காது."

அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதை நாம் எல்லோரும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினோம். எழுதியதை வீட்டுக்குள் கொண்டு வந்தவர் யார்?

மீட்டர் இருபத்தைந்துக்கு ஏறியது. பிறகு இருபத்தாறு. அன்று அப்பா சந்தோஷமாக இருந்தார். "இப்பதான் கடலு கெட்டியாயிருக்கு. இப்பக் கொண்டாந்தா சென்டர்ல எடுத்துக்குவேன்." தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்தது. ஆறாம் நாள் இருபத்தெட்டு. மீன்கள் நீந்துவதை விட்டுவிட்டுக் கல்லடியில் உட்கார்ந்து செவுளை வேகமாக அடித்துக்கொண்டிருந்தன. நண்டு பாதி உடம்பைச் சங்குக்கு வெளியே தொங்கவிட்டிருந்தது. அப்பா மீட்டரையே பார்த்தார். அம்மா ரேடியோவைக் கேட்டாள். கொழும்பில் நேற்று பல லாட்ஜுகளில் சோதனை என்றது.

ஏழாம் நாள் காலை ஒரு மீன் பக்கவாட்டில் கிடந்தது. நான்தான் கண்டேன். அம்மா அதை ஒரு கரண்டியில் எடுத்து, வாசல் ரோசாச் செடிக்கு அடியில் புதைத்தாள்.

"பாப்பா, மாமா கொண்டாந்தது ரெண்டு மீனு. வெளங்குச்சா? ரெண்டு."

"மூணு மா."

"ரெண்டு!"

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் கலந்த பாலைப் பார்க்கிற அதே முகம். ஆனால் இந்த முறை யாருடைய வாளியை நகர்த்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று மதியம் ரசத்தில் உப்புக் கூடிவிட்டது. அம்மா அடுப்பிலிருந்து எடுக்காமலேயே ஒரு டம்ளர் தண்ணீரை அதில் ஊற்றினாள். நான் விரலைத் தொட்டியில் விட்டு நக்கிப் பார்த்தேன். நாக்கு கசந்தது. ஐசக் நியூட்டனுக்கு ஆப்பிள், எனக்கு ரசம்.

செம்பை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். மலையிலிருந்து தகரத் தாழ்வாரம் வழியே விழும் அந்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் தண்ணி அத்தை வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னா புள்ள, பால் ஐயா மக ஒளிஞ்சு ஒளிஞ்சு தண்ணி மோக்குது? எந்தப் பாலுக்கு?"

"பாலுக்கு இல்ல அத்த. மீனுக்கு."

"அப்பச் சரி. மீனு மீட்டர் வச்சுப் பாக்காது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை என் செம்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இந்தப் பச்சத் தண்ணிய அப்புடியே ஊத்தாத, வெறச்சுப் போயிரும். வெயில்ல வச்சு, கை சூட்டுக்கு வந்ததும் கொஞ்சங் கொஞ்சமா ஊத்து. சூட்டுல நெறைய சங்கதி இருக்கு புள்ள. ஒங்கப்பாகிட்டயும் எத்தன வாட்டி சொன்னேன்? மடியில இருந்து நேரா கொண்டாறேன், ஆற வச்சு மீட்டர வுடுங்க ஐயான்னு. 'சாக்குச் சொல்லாத'ங்குறாரு."

காலையில் பள்ளிக்கூடம் போகும் முன், மாலையில் வந்தபின், அப்பா சென்டரில் இருக்கும் நேரம் பார்த்து ஒரு செம்பு உப்புத் தண்ணீரை எடுத்துவிட்டு இரண்டு செம்பு பீலித் தண்ணீர் ஊற்றினேன். எடுத்த உப்புத் தண்ணீரை ரோசாச் செடியில் கொட்டினேன். அந்த மாதத்தின் இரண்டாவது மரணம் அந்த ரோசா.

இடையில் ஒன்று செய்தேன். தொட்டித் தண்ணீரைக் குவளையில் எடுத்து மீட்டரை விட்டேன். இருபத்தேழு. அதே குவளையை ஜன்னல் மேடையில் வைத்து, வீட்டுப் பாடம் எழுதி முடித்துவிட்டு மறுபடி பார்த்தேன். இருபத்தொன்பது. யாரும் உப்புப் போடவில்லை. தண்ணீர் ஆறியிருந்தது, அவ்வளவுதான். சூடாக இருந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும். அத்தையின் பால் முப்பது படி தூரத்திலிருந்து சூடாக வருகிறது. தூரத்து லயங்களின் பால் பனியில் ஒரு மணி நேரம் நடந்து ஆறி வருகிறது.

எனக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொன்னால் நான் மீட்டரையும் தொட்டியையும் தொட்டது தெரிந்துவிடும். ஆகவே சொல்லவில்லை. மறுநாள் காலை அப்பா அத்தையின் வாளியை ஓரமாக நகர்த்தியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதற்கு அடுத்த நாளும். அத்தை என்னைப் பார்த்தார். நான் ஷூ நாடாவைக் கட்டினேன். ஏற்கெனவே கட்டியிருந்த நாடா.

வியாழக்கிழமை சாயந்திரத் தேநீரின்போது அப்பா சொன்னார்: "மீட்டரு எறங்குது. தொட்டியில யாரோ தண்ணி கலக்குறாங்க."

அவர் பார்த்தது அம்மாவை. அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். "மீனு நீந்துது. அதப் பாருங்க முதல்ல" என்றாள். இரண்டு மீன்களும் நீந்திக்கொண்டுதான் இருந்தன.

சனிக்கிழமை ரயில் முக்கால் மணி தாமதம். அம்மா மூன்று முறை படியேறி ஸ்டேஷனுக்குப் போய் வந்தாள். மூன்றாவது முறை மாமாவோடு வந்தாள். மாமா செருப்பைக் கழற்றாமலே தொட்டியின் முன் உட்கார்ந்தார். மீட்டரை விட்டார்.

"இருவத்தி நாலரை. நல்லாத்தான் பாத்திருக்கீங்க மச்சான்." பிறகு கல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஒண்ணக் காணோமே?"

"ரெண்டுதான்டா கொண்டாந்த" என்றாள் அம்மா.

மாமா சிரித்தார். "மூணுக்கா. நான்தானே பையில கட்டுனேன்."

"ரெண்டு."

அப்பா தொண்டையைச் செருமினார். ஒரு பொய், ஒரே ஒரு பொய். அதை அப்பா சொன்னால் மாமா இங்கே இருப்பார் என்று நான் அப்போது முழுமையாக நம்பினேன்.

"மூணு மாப்ள. ஒண்ணு செத்துப்போச்சு. நான்தான் கொன்னேன். தண்ணி ஊத்தச் சொன்ன, நான் கடல ஊத்துனேன். எனக்குக் கை வரல." தொட்டியின் பக்கம் கையைக் காட்டினார். "மத்த ரெண்டும் எப்புடிப் பொழச்சுச்சுன்னு எனக்குத் தெரியாது. ஒங்க அக்காவக் கேளு."

"எனக்கும் தெரியாது" என்றாள் அம்மா.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன். பீலி, செம்பு, ரோசாச் செடி, குவளை, இருபத்தேழு, இருபத்தொன்பது, அத்தை. அத்தை என்ற சொல் வந்ததும் அப்பா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"ஆமா மச்சான்" என்றார் மாமா, ஒன்றும் அறியாமல். "சூட்டுல மீட்டரு கம்மியாத்தான் காட்டும். அதுக்குத்தானே அந்தப் பொட்டியிலயே தெர்மாமீட்டருக்கு எடம் வச்சிருக்கான்."

அம்மாவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "நீ சொல்லுடா. இருப்பியா, போவியா?"

மாமா மீன்களைப் பார்த்தார். அவற்றில் ஒன்று கண்ணாடி வரை வந்து அவர் விரலைக் கொத்தப் பார்த்தது.

"எங்க கம்பெனியில மூணு அனுப்புனா ஒண்ணு போறது வழக்கந்தான்க்கா. மூடியப் போடுங்க மொதல்ல. இருக்கேன்."

அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். மாமா இருந்தார். ஹோட்டல்களுக்கு நான்கு தொட்டிகள் செய்தார். பிறகு ஹட்டனில் ஒரு கண்ணாடிக் கடை வைத்தார், மீனைவிட ஜன்னல் நன்றாகப் பிழைத்தது. தொட்டி எந்த வீடு மாறியபோது தொலைந்தது என்று தெரியவில்லை. சங்கு மட்டும் என்னிடம் இருக்கிறது. நண்டு வேறு சங்குக்கு மாறிப் போய்விட்டது.

அன்று மாலை அப்பா வெல்வெட் பெட்டியைத் திறந்து, ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். மாமாவிடம் கேட்டு வாங்கிய தெர்மாமீட்டரை அந்தப் பள்ளத்தில் படுக்க வைத்தார். கொஞ்சம் நீளம் கூடுதல், பெட்டி மூடவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல அத்தைதான் முதலில் நின்றார். அப்பா அவர் பாலைக் குவளையில் ஊற்றினார். மீட்டரை விடவில்லை. குவளையைப் பீலித் தண்ணீர் நிறைத்த ஒரு பேசினுக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்தார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. "லொறி வந்துரும் ஐயா" என்று யாரோ சொன்னார்கள். அப்பா அசையவில்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் மீட்டரை விட்டார்.

இருபத்தொன்பது.

அவர் அதை நெடுநேரம் பார்த்தார். அத்தை முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். அப்பா என்ன சொல்வார் என்று நான் கதவிடுக்கில் நின்று காத்திருந்தேன். எத்தனை வருடம், எத்தனை வாளி என்று அவர் மனம் ஓடியிருக்கும்.

"இன்னைக்குப் பாலு நல்லா இருக்கு" என்றார்.

அத்தை காலி வாளியைக் கையில் வாங்கிக்கொண்டார். ஒரு கணம் கதவிடுக்குப் பக்கம் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

"மாடு அதே மாடுதாங்க ஐயா."

அப்பா மீட்டரைத் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தது.